சன்னலில் நிற்பவளுக்கு என்ன தெரியும்? – கதை எழுதுவோர் கேள்வி பதில்

இம்மாதக் கேள்விகள் அனைத்தும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாசகர்களிடமிருந்து வந்தவை. எல்லாரும் காதல் கதை எழுதுகிறவர்கள். எல்லாருக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான்: சன்னலோரம் நின்று காத்திருக்கும் காட்சி.

கேள்வி: என் கதை 1970களில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடக்கிறது. நாயகி லயத்து வீட்டுச் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீடு) சன்னல் கம்பியைப் பிடித்தபடி தினமும் அவனுக்காகக் காத்திருக்கிறாள். படித்த தோழிகள், "நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு" என்கிறார்கள். எதை மாற்றுவது?

பதில்: முதலில் சன்னலை மாற்றுங்கள். நீங்கள் அனுப்பிய பகுதியில் கண்ணாடி இருக்கிறது, திரைச்சீலை இருக்கிறது, சாய்ந்து உட்கார அகலமான திண்டும் இருக்கிறது. அது நாள்காட்டிப் படத்துச் சன்னல். பழைய லயத்து வீடுகளில் பெரும்பாலும் கண்ணாடியே கிடையாது. பலகை அடித்த இரட்டைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க ஒரு கொக்கி, உள்ளே இரும்புக் கம்பியோ மரச்சட்டமோ, அவ்வளவுதான். திறந்தால் வீடு முழுக்க வெளிச்சம், மூடினால் பட்டப்பகலிலும் இருட்டு. கண்ணாடி வழியாக யாருக்கும் தெரியாமல் பார்க்கும் வசதி அவளுக்கு இல்லை. அவள் பார்க்க வேண்டுமென்றால் சன்னலைத் திறக்க வேண்டும். திறந்தாள் என்பது பக்கத்து வீட்டுக்கும் தெரியும், ஏனென்றால் பல லயங்களில் வீட்டுக்கு வீடு இருந்த பலகைத் தடுப்பு கூரைவரை போகாது. கொக்கி கழலும் சத்தம் அடுத்த வீட்டுக் குசினியில் கேட்கும். வழக்கமில்லாத நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே, "என்ன புள்ள, இந்நேரத்துல சன்னல தொறக்குற?" என்று ஒரு குரல் வரும். உங்கள் கதை அந்தக் குரலில் தொடங்கலாம்.

அடுத்தது நேரம். அவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவளா, வீட்டில் இருப்பவளா என்பதை நீங்கள் சொல்லவே இல்லை. வெட்டுக்காரி என்றால் விடியுமுன் பெரட்டுக்குப் (ஆள் கணக்கெடுப்பு) போய், தன் நிரையை (மர வரிசை) வெட்டி முடித்து, பால் வடிவது ஓயும்வரை இருந்து, மங்கு மங்காக (பால் பிடிக்கும் கிண்ணம்) சேகரித்து, ஸ்டோரில் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப நண்பகல் தாண்டிவிடும். காலை 9 மணிக்கு அவளைச் சன்னலில் நிறுத்த முடியாது. வயதுக்கு வந்தபின் பள்ளியை நிறுத்தித் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் விடப்பட்டவள் என்றால் நிறுத்தலாம். அப்போதும் அவள் சும்மா நிற்கமாட்டாள். தங்கைக்குத் தலை பின்னச் சன்னல் வெளிச்சம் தேவை, அரிசியில் கல் பொறுக்கவும் தேவை, விளக்குச் சிமினியைத் துடைத்துத் தூக்கிப் பார்க்கவும் தேவை. இவற்றில் ஒன்றை அவள் கையில் கொடுங்கள். பின்னிக்கொண்டிருக்கும் கை நிற்கிறது, தங்கை "இழுக்காத அக்கா, வலிக்குது" என்கிறாள். சடக்கில் (சாலையில்) யார் போனார் என்று நீங்கள் எழுதவே வேண்டாம்.

மழை நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் உங்கள் கதையில் இரண்டு இடத்தில் மழை வருகிறது. காலையில் பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். வெட்டினால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து பட்டையெல்லாம் பரவி வீணாகும். அதனால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் லயமே வீட்டில் இருக்கிறது, எல்லாச் சன்னலிலும் ஆள், கூலி போன கவலையோடு. அன்றைக்குத் தனியே நின்று கனவு காண அவளுக்கு இடமில்லை. அதோடு, தகரக் கூரையில் கனமழை விழும்போது ஒரே அறையில் இருப்பவர்களே கத்தித்தான் பேச வேண்டும். உங்கள் நாயகன் மழையில் நின்று மெதுவாக அவள் பெயரைச் சொல்கிறான், அவளுக்குக் கேட்கிறது. கேட்காது. வாயசைவது மட்டும் தெரியும். என்ன சொன்னான் என்று தெரியாமல் அவள் அந்த வாரத்தை ஓட்டட்டும், கதைக்கு அதுவே நல்லது. சாரல் அடித்தால் பலகையைச் சாத்தியே ஆக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பிறகு அவளுக்கு இரண்டு பலகைக்கு நடுவிலுள்ள விரற்கடை இடுக்குதான்.

இன்னொரு செல்வம் உங்கள் கையில் இருக்கிறது, நீங்கள் தொடவில்லை: ரப்பர் மரம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை பழுத்துச் சிவந்து கொட்டும். மற்ற மாதங்களில் நிழல் அடைந்து கிடக்கும் தோட்டம் அப்போது திறந்துகொள்ளும், சன்னலிலிருந்து தெரியாத வளைவெல்லாம் தெரியும். ஒரு மாதத்துக்கு அவனை இருநூறு அடி கூடுதலாகப் பார்க்கலாம், தளிர் விட்டதும் அது போய்விடும். மரங்கள் வரிசையாக நடப்பட்டவை என்பதால், நிரைக்குக் குறுக்கே நடக்கும் ஆள் தெரிவான், மறைவான், தெரிவான், மறைவான். பின்னாளில் ரப்பரை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்த தோட்டமாக இருந்தால் இந்தக் காட்சி கிடைக்காது. இளஞ்செம்பனையின் மட்டைகள் தரையை ஒட்டி விரிந்து சடக்கையே மறைத்துவிடும். அங்கே வண்டிச் சத்தத்தை வைத்துத்தான் அவள் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

திருத்தி எழுத உட்காருமுன் ஒரு தாளில் படம் போடுங்கள். சன்னல் எந்தத் திசை, சடக்கு எத்தனை எட்டுத் தொலைவு, நடுவில் என்ன மறைக்கிறது (கோழிக்கூடு, துணிக்கொடி, தண்ணீர்க் குழாய், பக்கத்து லயம்), அவள் நிற்பது யார் யார் கண்ணில் படும். கடைசிக் கேள்விக்கு மூன்று பேராவது பதிலாக வர வேண்டும். வரவில்லையென்றால் அது லயம் இல்லை.

கேள்வி: இரவில் விளக்கெரியும் அறையிலிருந்து நாயகி வெளியே பார்க்கிறாள். தெரு மூலையில் இருட்டில் நிற்கும் அவன் கண்களில் நீர் மின்னுவதைக் காண்கிறாள். இதில் தவறு உண்டா?

பதில்: உண்டு. எங்களுக்கு வரும் கதைகளில் பாதிக்கு மேல் இதே தவறு. உள்ளே விளக்கு, வெளியே இருட்டு என்றால் கண்ணாடியில் அவளுக்கு அவள் முகமும் பின்னாலிருக்கும் அலமாரியும்தான் தெரியும். உள்ளேயிருக்கும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவது, வெளியிலிருந்து வரும் சொற்ப வெளிச்சத்தைவிடப் பலமடங்கு அதிகம். கண்ணாடி இல்லாத வெறும் கம்பிச் சன்னலாக இருந்தாலும், விளக்குக்குப் பழகிய கண்ணுக்கு இருட்டு வெறும் கறுப்பாகவே இருக்கும். இருட்டு பழகச் சில நிமிடங்கள் பிடிக்கும். அவனுக்கோ அவள் நன்றாகத் தெரிவாள். பகலில் இது தலைகீழ்: வெளியே வெயில், உள்ளே நிழல் என்றால் அவள் எல்லாவற்றையும் பார்ப்பாள், அவன் கண்ணுக்குச் சன்னல் ஒரு கறுப்புச் சதுரம்.

ஆக, இரவில் அவனைப் பார்க்க அவள் விளக்கை அணைக்க வேண்டும், அணைத்தால் அவன் அவளைப் பார்க்க முடியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்க்க இயற்கையே விடவில்லை. இதைவிட நல்ல காதல் சிக்கலை நீங்கள் எங்கே தேடப் போகிறீர்கள்? விளக்கு அணைந்தால் "பார்த்துக்கொண்டிருக்கிறாள்" என்று அவன் புரிந்துகொள்வான். அதை அவர்கள் பேசிவைத்துக்கொள்ளத் தேவையில்லை, நாலாம் நாள் தானாகப் புரியும். அணைந்த விளக்கைப் பார்த்து "தூங்கிட்டா" என்று அவன் தவறாக நினைத்துத் திரும்பிப் போகவும் இடமிருக்கிறது.

தோட்டத்தில் ஜெனரேட்டர் மின்சாரம் இருந்த காலமென்றால் இன்னும் வசதி. மாலையில் சில மணி நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். எல்லா வீட்டு விளக்கும் ஒன்றாக அணையும் அந்த நொடியில் இருவரும் சமம். கண் பழகியபின் நிலா இருந்தால் உருவம் தெரியும். கண்ணீர் தெரியாது. கண்ணீரை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: 1975இல் நடக்கும் கதையில், "காலை 7 மணிக்கு விடியாத இருட்டில் அவள் சன்னலைத் திறந்தாள்" என்று எழுதினேன். அப்பா, "அப்பல்லாம் 7 மணிக்கு நல்லா விடிஞ்சிருக்கும்" என்கிறார். இப்போது 7 மணிக்கு இருட்டாகத்தானே இருக்கிறது?

பதில்: அப்பா சொல்வதே சரி. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. இன்று பேராக்கில் சூரியன் எழுவது மாதத்தைப் பொறுத்து ஏறக்குறைய 7.00 முதல் 7.30 வரை, மறைவதும் மாலையில் அதே கணக்குத்தான். 1982க்கு முந்தைய கதையில் அரை மணியைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்தி நம் ஊரில் நீளாது, சூரியன் விழுந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் முகம் தெரியாத இருட்டு வந்துவிடும். "நீண்ட மாலை மெல்லக் கவிந்தது" என்று ஒரு மணி நேரம் அவளை நிறுத்தி வைக்காதீர்கள். அவளுக்குக் கிடைப்பது இருபது நிமிடம். அதற்குள் கொசுவுக்காகச் சன்னலைச் சாத்தச் சொல்லும் அம்மா, சாமி விளக்கு, "விளக்கு வச்ச நேரத்துல வாசல்ல நிக்காதே" என்ற பாட்டி எல்லாரும் வந்துபோக வேண்டும்.

கேள்வி: காத்திருப்பை எத்தனை பத்தி எழுதலாம்? நான் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், சலிப்பாக இருக்கிறதாம்.

பதில்: 1,500 சொல் சிறுகதைக்கு ஒரே மூச்சில் 120 சொல்லுக்கு மேல் வேண்டாம். அவள் காத்திருப்பது நீளம் என்பதற்காக வாசகரையும் காக்கவைக்கக் கூடாது. ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று முறை சன்னலுக்குத் திரும்புங்கள். முதல் முறை வழக்கம்: ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிள் ஆரன், தண்ணீர்க் குழாயில் வரிசை, பிறகு அவன் சைக்கிள். இரண்டாம் முறை அதே வரிசையில் ஒன்று மாறியிருக்க வேண்டும், அவன் வருகிறான் ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதுபோல. மூன்றாம் முறை ஆரன் கேட்கிறது, குழாய் வரிசை கலைகிறது, அடுத்த வரியில் நீங்கள் வேறு எதையாவது சொல்கிறீர்கள். சைக்கிள் வரவில்லை என்று எழுத வேண்டாம். முதல் முறையில் வழக்கத்தைச் சரியாக நட்டிருந்தால் வாசகரே கண்டுகொள்வார். பெரும்பாலான கதைகள் விழுவது இங்கேதான். வழக்கத்தை நடாமலேயே இழப்புக்கு ஓடிவிடுகிறார்கள், பிறகு "அவள் நெஞ்சம் வெறுமையானது" என்று விளக்க வேண்டியதாகிறது.

நம் பழம்புலவர்கள் இதில் பெரிய கைகாரர்கள். முத்தொள்ளாயிரத்தில் ஒரு வெண்பா: சேரன் உலா வரும் வீதியில் தாய்மார் கதவைச் சாத்துகிறார்கள், மகளிர் திறக்கிறார்கள். சாத்தித் திறந்து சாத்தித் திறந்து கதவின் குடுமியே தேய்ந்துவிட்டது. எந்தப் பெண்ணின் மனமும் அந்தப் பாட்டில் விளக்கப்படவில்லை, தேய்ந்தது மரம்தான். குறள் 1261இல் வழிபார்த்துக் கண் ஒளி இழக்கிறது, அவர் போன நாளைக் குறித்த சுவர்க்கோடுகளைத் தொட்டுத் தொட்டு விரல் தேய்கிறது. குறுந்தொகை 118இல் மாலை வந்து வாசற்கதவை அடைக்குமுன், "உள்ளே வருபவர் யாரேனும் உண்டா?" என்று கேட்கிறார்கள், அவர் மட்டும் வரவில்லை. உங்கள் சன்னலிலும் தேயக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. கொக்கி மாட்டும் வளையம், கை பட்டுப் பட்டுத் துருப்போய்ப் பளபளக்கும் ஒரு கம்பி. எல்லாக் கம்பியும் துருப்பிடித்திருக்க ஒன்று மட்டும் பளபளக்கிறது என்று எழுதினால் இரண்டு பக்கத்தை வெட்டிவிடலாம்.

கேள்வி: பட்டணத்துக் கடைவீட்டு மாடியில் வசிக்கும் பெண், கீழே அஞ்சடியில் (கடைமுன் நடைபாதையில்) நிற்பவனைப் பார்க்கிறாள். இதில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: அஞ்சடியில் நிற்பவன் அவளுக்குத் தெரியவே மாட்டான். மாடி அஞ்சடிக்கு மேலே நீட்டிக்கொண்டு வருகிறது, அவன் நிற்பது அவள் காலடிக்குக் கீழே. எதிர்வரிசை அஞ்சடியில் அவனை நிறுத்துங்கள், அல்லது சடக்கில் இறக்குங்கள். பழைய கடைவீடுகள் சிலவற்றில் மாடித் தரைப்பலகையில் ஒரு சிறு துளையும் மூடியும் இருக்கும், கீழே கதவைத் தட்டுவது யார் என்று பார்க்க. உங்கள் வீட்டில் அது இருந்தால், அவன் தலை உச்சியை மட்டும் பார்க்கும் காதல் ஒன்று எழுதலாம்.

அந்த மாடிகளின் மரச்சன்னலில் சாய்ந்த பட்டிகள் அடுக்கடுக்காக இருக்கும், மழை உள்ளே வராமல் வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கும். அதனால் உள்ளிருந்து பார்த்தால் பார்வை கீழ்நோக்கியே போகும்: தெருவும் கால்களும் தெரியும், எதிர்வீட்டு மாடி தெரியாது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்கு இருண்ட அறையின் உட்கூரைதான். பார்க்கலாம், பிடிபடமாட்டாள். ஆளை நடையை வைத்தும் செருப்பை வைத்தும் அடையாளம் காண அவள் பழகியிருப்பாள். பின்னாளில் வந்த அடுக்குக் கண்ணாடிச் சன்னலுக்கும் சாய்வு இதேதான், ஆனால் கண்ணாடி என்பதால் மறைப்பு குறைவு.

கேள்வி: சன்னல், சாளரம், பலகணி – எந்தச் சொல்லை எழுதுவது?

பதில்: பாத்திரம் பேசினால் சன்னல், கதைசொல்லி பேசினாலும் சன்னல். போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல் என்று தயங்க வேண்டாம், லயத்தில் வேறு சொல் புழங்கவில்லை. சாளரம் என்று எழுதியவுடன் வீடு மாளிகையாகிவிடுகிறது. பழைய சொற்களின் பொருள் தெரிந்திருந்தால் பார்வை கூர்மையாகும் என்பது உண்மை. காலதர் என்றால் காற்று வரும் வழி, சிலப்பதிகாரத்தில் மான்கண் போன்ற காலதர் வருகிறது. பலகணி பல கண்களை உடையது. மேலே சொன்ன மாடிச் சன்னலுக்கு அந்தச் சொல் பொருந்தும், ஒருமுறை மட்டும்.

கேள்வி: மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் நடக்கும் காதல் கதை. இரவில் அவன் அவள் சன்னலுக்கு வந்து பேசுவதாக வைக்கலாமா?

பதில்: வைத்தால் அவன் உயிரைப் பணயம் வைத்து வருகிறான் என்று காட்ட வேண்டும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள், இரவில் ஊரடங்கு, வேலி வாசலில் சோதனை. வெளியே உணவு கொண்டுபோகவும் தடை. அந்தக் காலத்துச் சன்னலில் நிற்பவள் சடக்கைப் பார்க்கமாட்டாள், வேலி வாசலைப் பார்ப்பாள். வாசல் பூட்டும் நேரத்துக்குள் அவன் உள்ளே வந்துவிட்டானா என்பதே அவள் கேள்வி. பூட்டியபின் சன்னலைச் சாத்தியாக வேண்டும்.

கேள்வி: கடிதத்துக்காகச் சன்னலில் காத்திருக்கிறாள், தபால்காரர் வருகிறார். சரியா?

பதில்: கடைத்தெருவில் சரி. தோட்டத்தில் பெரும்பாலும் கடிதங்கள் ஆபிசுக்கு வரும், கிராணி (தோட்ட எழுத்தர்) பிரித்துக் கொடுத்தனுப்புவார். அவள் கடிதத்தின் மேலுறையை அவளுக்கு முன்பே இரண்டு மூன்று பேர் பார்த்திருப்பார்கள். அனுப்புநர் பெயரை அவன் என்னவென்று எழுதினான் என்று யோசித்து வையுங்கள்.

கேள்வி: எப்போதும் பெண்தான் காத்திருக்க வேண்டுமா?

பதில்: இல்லை. தோட்டத்தில் ஆண் பக்கத்துச் சன்னலும் ஒன்று இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை: ஆபிசில் சம்பளம் போடும் சன்னல். உங்கள் நாயகன் சின்னக் கிராணி. சம்பள நாளில் உள்ளே உட்கார்ந்து செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவு) புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறான். சன்னல் உயரம் அப்படி, அவனுக்குத் தெரிவது வரிசையாக வரும் கைகள். பால்கறை ஏறிய விரல்கள், கத்திக் காய்ப்பு, மை தடவிய கட்டைவிரல். மாதத்தில் ஒருநாள் அவள் கை அந்தச் சன்னலுக்குள் வரும், கையெழுத்துப் போடும் நேரம் மட்டும். அவள் முழுப்பெயரை உரக்கக் கூப்பிட அவனுக்கு உரிமையுள்ள ஒரே நாளும் அதுதான். பெரிய கிராணி பக்கத்தில் உட்கார்ந்து காசை எண்ணிக்கொண்டிருப்பார், ஆகவே குரல் மாறக்கூடாது. அவள் பெயர் புத்தகத்தில் எத்தனையாவது என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். அதற்கு முந்தைய பெயர்களை அவன் கொஞ்சம் வேகமாகப் படிப்பான்.